அட்டையில் விழுந்த எழுத்து

2004 மே மாதம் நாடாளுமன்றத் தேர்தல் முடிவுகள் வந்தபோது, தமிழ்நாட்டின் 39 தொகுதிகளில் ஒன்றுகூட ஆளும் அ.தி.மு.க. கூட்டணிக்குக் கிடைக்கவில்லை. சில நாட்களுக்குள் முதலமைச்சர் ஜெயலலிதா தமது அரசின் முடிவுகள் பலவற்றைத் திரும்பப் பெற்றார். மதமாற்றத் தடைச் சட்டம், விவசாயிகளின் இலவச மின்சார ரத்து போன்ற பெரிய விவகாரங்களுக்கு நடுவே, பார்வைக்குச் சிறிய ஒன்றும் அந்தப் பட்டியலில் இருந்தது. குடும்ப அட்டைகளில் குத்தப்பட்ட 'எச்' முத்திரை இனி இல்லை என்பதே அது. மாத வருமானம் 5,000 ரூபாயைத் தாண்டிய குடும்பங்களுக்கு ரேஷன் அரிசி கிடையாது என்று அதற்குச் சில காலம் முன்பு முடிவாகியிருந்தது. அப்படிப்பட்ட அட்டைக்குக் கௌரவ அட்டை என்று பெயர்; அதன் அடையாளம்தான் அந்த ஆங்கில எழுத்து.

அந்தத் தோல்விக்கு இந்த முத்திரைதான் காரணம் என்று சொல்லமாட்டேன். அரசு ஊழியர் பணிநீக்கம் தொடங்கிக் கூட்டணிக் கணக்கு வரை காரணங்கள் ஏராளம். ஆனால் தோற்ற அரசு எதையெல்லாம் உடனே திருத்த வேண்டும் என்று நினைத்தது என்பதைப் பார்த்தால், அந்த எழுத்து எத்தனை வீடுகளில் உறுத்தியிருக்கும் என்று புரியும். 5,000 ரூபாய் என்பது அன்று அலுவலக உதவியாளரின் சம்பளம். கணவனும் மனைவியும் வேலைக்குப் போகும் பனியன் கம்பெனிக் குடும்பத்தின் வருமானமும் அதுதான். மாதம் 4,900 வாங்குபவர் ஏழை, 5,100 வாங்குபவர் கௌரவமானவர் என்று பிரித்தது அந்த முத்திரை.

அரசின் உதவி எல்லோருக்குமா, ஏழைகளுக்கு மட்டுமா என்ற விவாதம் நம் ஊரில் பெரும்பாலும் "வசதி உள்ளவனுக்கு எதற்கு?" என்ற கேள்வியில் தொடங்கும். நியாயமான கேள்விதான். ஆனால் அதற்கு முன் கேட்கவேண்டிய கேள்வி இன்னொன்று உண்டு. ஏழை யார் என்று கண்டுபிடிக்கும் வேலையை யார் செய்யப்போகிறார், எந்த அளவுகோலால்? இந்தியாவில் அந்த அளவுகோல் பட்ட பாடு ஒரு தனி வரலாறு.

1997 ஜூன் மாதம் மத்திய அரசு பொது விநியோகத்தை 'இலக்கு நோக்கிய' திட்டமாக மாற்றியது. வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ளவருக்கு ஒரு விலை, மேலே உள்ளவருக்கு வேறு விலை. 2000இல் கோட்டுக்கு மேலே உள்ளவர்களுக்கான விலையை அரசின் கொள்முதல், சேமிப்பு, போக்குவரத்துச் செலவு முழுவதையும் ஈடுகட்டும் அளவுக்கு உயர்த்தினார்கள். சந்தை விலைக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லாமல் போனதும் அவர்கள் கடைப்பக்கம் வருவதை நிறுத்தினார்கள். மிச்சம் பிடித்து, ஏழைகளுக்கு இன்னும் அதிகம் கொடுக்கலாம் என்பது திட்டத்தின் தர்க்கம். நடந்தது வேறு. 2002 ஜூலையில் அரசுக் கிடங்குகளில் 6 கோடி டன்னுக்கு மேல் தானியம் குவிந்து கிடந்தது. அதே காலத்தில் ராஜஸ்தான், ஒடிசாவிலிருந்து பட்டினிச் செய்திகள் வந்துகொண்டிருந்தன. 2001இல் மக்கள் சிவில் உரிமைக் கழகம் உச்ச நீதிமன்றத்துக்குக் கொண்டுபோன உணவு உரிமை வழக்கு அந்த முரணிலிருந்து பிறந்ததுதான்.

கோட்டுக்குக் கீழே இருப்பவர் யார் என்று எப்படி முடிவு செய்தார்கள்? கிராமங்களில் 2002இல் நடந்த கணக்கெடுப்பில் 13 கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் பூஜ்யம் முதல் நான்கு வரை மதிப்பெண், மொத்தம் 52. நிலம் எவ்வளவு, வீடு எப்படிப்பட்டது, கழிப்பறை உண்டா, வீட்டில் அதிகம் படித்தவர் எதுவரை படித்திருக்கிறார், கடன் யாரிடம் வாங்கியது, பிழைப்புக்கு வெளியூர் போவது எதனால் என்று கேள்விகள் போகும். ஆளுக்கு எத்தனை உடுப்பு என்பதும் அதில் ஒன்று. இரண்டுக்கும் குறைவாக வைத்திருந்தால் பூஜ்யம். பத்துக்கு மேல் இருந்தால் நான்கு. கொடியில் காயும் துணியை எண்ணிப் பசியை அளக்கப் பார்த்தார்கள் என்று நினைக்கும்போது இன்றும் எனக்கு மனம் ஆறவில்லை.

அதைவிடக் கொடுமை கூட்டல் முடிந்த பிறகு வந்தது. எத்தனை மதிப்பெண்ணுக்குக் கீழே இருந்தால் ஏழை என்பதை, திட்டக் குழுவின் வறுமை மதிப்பீட்டைப் பெரிதும் தாண்டாதபடி ஒவ்வொரு மாநிலமும் வகுத்துக்கொள்ள வேண்டும். ஏழைகளின் எண்ணிக்கை முதலில் டெல்லியில் முடிவானது. அந்த எண்ணுக்குப் பொருந்தும்படி கிராமத்தில் ஆட்களைத் தேடினார்கள். பொருளியலாளர்கள் ஜான் த்ரேஸும் ரீத்திகா கேராவும் 2005 வாக்கில் எடுக்கப்பட்ட தேசிய ஆய்வுகளை ஆராய்ந்து, ஏழைக் குடும்பங்களில் ஏறக்குறைய பாதிக்கு வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ளவருக்கான அட்டையே இல்லை என்று காட்டினார்கள். அட்டை வைத்திருந்தவர்களில் கணிசமானோர் ஏழைகள் அல்லர்.

1990களின் தொடக்கத்தில் பொருளியலாளர்கள் ஜியோவானி ஆண்ட்ரியா கார்னியாவும் பிரான்செஸ் ஸ்டூவர்ட்டும் உணவு மானியங்களை ஆராய்ந்தபோது இரண்டு பிழைகளைப் பிரித்துப் பேசினார்கள். தகுதியில்லாதவருக்குப் போய்ச் சேர்வது ஒரு பிழை. தகுதியுள்ளவருக்குப் போகாமல் விடுவது இன்னொன்று. முதல் பிழைக்குக் கணக்கு உண்டு. தணிக்கை அறிக்கையில் அது ரூபாயாக எழுதப்படும், நாளிதழில் தலைப்பாகும். இரண்டாவது பிழைக்குக் கணக்கு எழுத ஆள் இல்லை. பட்டியலில் பெயர் இல்லாத ஒருத்தி அன்று இரவு என்ன சாப்பிட்டாள் என்பது எந்தப் பதிவேட்டிலும் இல்லை. ஆகவே அதிகாரிகள் முதல் பிழையைக் குறைக்கவே முயல்வார்கள். சல்லடையின் கண்ணைச் சிறிதாக்குவார்கள். சிறிதாக ஆக, கல்லோடு அரிசியும் மேலேயே தங்கும்.

இந்தக் காலம் முழுவதும் தமிழ்நாடு வேறு வழியில் போனது. அந்த வழிக்கு நீண்ட முன்கதை உண்டு. 1967 தேர்தலில் ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்பது தி.மு.க.வின் வாக்குறுதி. ஆட்சிக்கு வந்த அண்ணாவால் சென்னையிலும் கோவையிலும் ரூபாய்க்கு ஒரு படிதான் கொடுக்க முடிந்தது. ஆனாலும் அரிசி இந்த மாநிலத்தின் அரசியல் மொழியில் நிலையாக ஏறிவிட்டது. 1972இல் தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம் உருவானது. நெல் கொள்முதலிலிருந்து கடைக்கு மூட்டை வந்து சேர்வது வரை அரசின் கையில் வந்தது. கடைகளில் மிகப் பெரும்பாலானவற்றைக் கூட்டுறவுச் சங்கங்கள் நடத்தின. 1997இல் டெல்லி கோடு போட்டபோது, தமிழ்நாடு தன் சொந்தப் பணத்தைப் போட்டு எல்லோருக்கும் ஒரே விலையில் தொடர்ந்தது. நடுவில் வந்த எச் முத்திரைதான் விலகல். 2006இல் கிலோ 2 ரூபாய், 2008இல் 1 ரூபாய், 2011 ஜூன் முதல் விலையில்லை. ஆட்சிகள் மாறின; எல்லோருக்கும் என்பது மாறவில்லை.

எல்லோருக்கும் கொடுத்தால் எல்லாம் களவு போகும் என்பது பொதுவான அச்சம். அதைச் சோதித்துப் பார்க்கலாம். அரசு கிடங்கிலிருந்து எடுத்த தானியம் எவ்வளவு, குடும்பங்கள் தாங்கள் வாங்கியதாகச் சொன்னது எவ்வளவு என்று ஒப்பிட்டால் வழியில் காணாமல் போனது தெரியும். த்ரேஸ், கேரா இருவரும் தேசிய மாதிரி ஆய்வுத் தரவுகளைக் கொண்டு செய்த கணக்கின்படி, 2004-05இல் நாடு முழுவதும் பாதிக்கு மேல், 54 விழுக்காடு, கசிந்தது. இலக்கு நோக்கிய திட்டத்தைக் கறாராக வைத்திருந்த பீகாரில் கசிவு 91 விழுக்காடு. தமிழ்நாட்டில் 7. ஏழு ஆண்டு கழித்து 2011-12இல் பீகாரில் அது 24ஆக இறங்கியது. சத்தீஸ்கரில் 52லிருந்து 9க்கு வந்தது. இந்த மாநிலங்கள் செய்த சீர்திருத்தங்கள் பல. அட்டையை அதிகம் பேருக்கு விரித்ததும், சத்தீஸ்கரில் தனியார் டீலர்களைக் குறைத்ததும் அவற்றில் முக்கியமானவை. அதே ஆண்டு தமிழ்நாட்டின் கசிவு 12 விழுக்காடாக உயர்ந்திருந்தது என்பதையும் மறைக்கக் கூடாது. விலையில்லா அரிசி எல்லை தாண்டிக் கேரளத்துக்குக் கடத்தப்படுவது நாம் அடிக்கடி படிக்கும் செய்தி. என்றாலும் பத்தில் ஒன்று போவதும் பத்தில் ஒன்பது போவதும் ஒன்றல்ல.

ஏன் இந்த வித்தியாசம்? கடையில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும். "இந்த மாசம் பருப்பு வரல" என்று விற்பனையாளர் சொன்னால், வரிசையில் நிற்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர் "போன மாசமும் இதத்தான சொன்னீங்க" என்று கேட்பார். அவரால் வட்ட வழங்கல் அலுவலருக்கு மனு எழுத முடியும், கவுன்சிலரை அழைக்க முடியும். பின்னால் நிற்கும் வீட்டு வேலை செய்யும் பெண்ணுக்கும் அந்தப் பருப்பு வந்து சேரும். ஆசிரியரை அந்த வரிசையிலிருந்து எடுத்துவிட்டால், கேள்வி கேட்கத் தயங்குபவர்கள் மட்டும் மிஞ்சுவார்கள். அது மட்டுமல்ல, வடமாநிலங்களில் 1997க்குப் பிறகு தனியார் டீலரின் வாடிக்கையாளர்கள் சுருங்கிப்போனார்கள். கிடைக்கும் கமிஷனில் கடை நடத்த முடியாத டீலர், மூட்டையை வெளியே விற்றுத்தான் பிழைத்தார். திருட்டைத் திட்டமே கற்றுக்கொடுத்தது.

இன்னொரு சல்லடையும் நம்மிடம் இருந்தது. அதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. தமிழ்நாட்டில் அரிசி அட்டை உண்டு, அரிசிக்குப் பதிலாகக் கூடுதல் சர்க்கரை வாங்கும் சர்க்கரை அட்டை உண்டு, எந்தப் பொருளும் வேண்டாம் என்ற அட்டையும் உண்டு. எது வேண்டும் என்று தேர்ந்தெடுப்பது குடும்பம். ரேஷன் புழுங்கலைச் சோறாக்கத் தேவையில்லாதவர்கள் தாங்களாகவே ஒதுங்கினார்கள். வருமானச் சான்றிதழ் இல்லை, விசாரணை இல்லை. 2021 மே மாதம் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்தபோதும் இதே முறை வேலை செய்தது. சாதாரண நகரப் பேருந்தில் மட்டும் இலவசம். ஏறும் பெண்ணிடம் நடத்துநர் எந்த அட்டையும் கேட்பதில்லை. சொகுசுப் பேருந்தோ காரோ எடுக்க முடிந்தவர் பெரும்பாலும் அதையே எடுக்கிறார். பூக்கூடையோடு விடியலில் மார்க்கெட்டுக்குப் போகிறவர் இதில் ஏறுகிறார். ஒரு பெண்ணுக்கு மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சமாகிறது என்று மாநிலத் திட்டக் குழுவின் ஆய்வு சொன்னது. அந்தத் தொகையைப் பெற அவர் ஒரு விண்ணப்பமும் நிரப்பவில்லை.

இந்த விவாதத்தில் நாம் பக்கத்திலேயே பார்த்துக் கற்க வேண்டிய நாடு இலங்கை. 1942 முதல் அங்கே அரிசிப் பங்கீடு எல்லோருக்கும் இருந்தது. 1953இல் டட்லி சேனநாயக்க அரசு ஒரு கொத்து அளவு அரிசியின் விலையை 25 சதத்திலிருந்து 70 சதமாக்கியபோது, ஆகஸ்ட் 12 அன்று ஹர்த்தால் வெடித்தது. அக்டோபரில் பிரதமர் பதவி விலகினார். எல்லோருடைய தட்டிலும் இருக்கும் சோற்றைத் தொட்டால் என்ன ஆகும் என்று அதற்குப் பின் வந்த அரசுகள் அறிந்தே இருந்தன. 1977இல் வந்த ஜெயவர்தன அரசு வேறு பாதையைத் தேர்ந்தது. முதலில் 1978இல் மாதம் 300 ரூபாய்க்கு மேல் வருமானமுள்ள குடும்பங்களை நீக்கினார்கள். மக்கள்தொகையில் பாதி வெளியே போனது. பெரிய கிளர்ச்சி எதுவும் எழவில்லை. 1979 செப்டம்பரில் மீதிப் பேருக்கு அரிசிக்குப் பதில் உணவு முத்திரை கொடுத்தார்கள். முத்திரையில் அச்சிட்ட தொகை அப்படியே நின்றது, விலைவாசி நிற்கவில்லை. சில ஆண்டுகளிலேயே அதன் மதிப்பு பாதிக்கும் கீழே போனது. நெவில் எதிரிசிங்க பின்னர் செய்த ஆய்வு, மிக ஏழையான பிரிவினர் உட்கொண்ட கலோரி அந்த ஆண்டுகளில் குறைந்ததைக் காட்டியது.

1953இல் கொதித்த நாடு 1980களின் தொடக்கத்தில் ஏன் அமைதியாக இருந்தது? குரல் உள்ளவர்களை முதலில் வெளியே அனுப்பிவிட்டு, பிறகு உள்ளே இருந்தவர்களின் பங்கைக் கரையவிட்டார்கள் என்பதே என் வாசிப்பு. இலக்கு வைத்து ஏழைகளுக்கு அதிகம் கொடுப்போம் என்று தொடங்கும் திட்டம், ஏழைகளுக்குக் குறைவாகக் கொடுப்பதில் வந்து நிற்கிறது. சுவீடனின் வால்டர் கோர்பியும் யோகிம் பால்மேயும் 1998இல் செல்வந்த நாடுகளை ஒப்பிட்டு ஏறக்குறைய இதையே சொன்னார்கள். ஏழைகளை மட்டும் குறிவைக்கும் நாடுகளில் பகிர்வதற்கான பானையே சிறுத்துவிடுவதால், ஏற்றத்தாழ்வு அதிகம் குறைவதில்லை.

2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு இலங்கை சமுர்த்தி என்ற பழைய நலத்திட்டத்தை விட்டு அஸ்வெசும என்ற புதிய திட்டத்துக்கு மாறியது. 22 குறிகாட்டிகள், நான்கு வகைப் பயனாளிகள். 2023இல் முதல் பட்டியல் வெளியானதும் பத்து லட்சத்தை நெருங்கும் மேல்முறையீடுகள் வந்து குவிந்தன. கணினியும் தரவுத்தளமும் வந்துவிட்டால் பழைய பிழைகள் தீரும் என்று நம்புகிறவர்கள் இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். ஜார்க்கண்டில் போலி அட்டைகள் என்று சொல்லி நீக்கப்பட்ட அட்டைகளைத் தேடிப்போய்ச் சரிபார்த்த பொருளியலாளர் கார்த்திக் முரளிதரனும் அவரது சகாக்களும், அவற்றில் பத்தில் ஒன்பதுக்கு அருகே உண்மையான குடும்பங்களுடையவை என்று கண்டார்கள். நீக்கப்பட்ட அட்டைகள் பலவற்றில் ஆதார் இணைக்கப்பட்டிருக்கவில்லை.

இவ்வளவு சொன்ன பிறகு, எல்லாவற்றையும் எல்லோருக்கும் கொடுத்துவிடலாம் என்று நான் சொல்லப்போவதில்லை. ரொக்கம் என்று வந்தால் கணக்கு மாறுகிறது. 2019 இறுதியில் சர்க்கரை அட்டையை அரிசி அட்டையாக மாற்றிக்கொள்ள அரசு வாய்ப்புக் கொடுத்தது. சுமார் 10 லட்சம் சர்க்கரை அட்டைகள் அப்போது இருந்தன. பொங்கலுக்கு அரிசி அட்டைக்கு 1,000 ரூபாய் ரொக்கம் உண்டு என்ற நிலையில், பல லட்சம் பேர் மாற்றிக்கொண்டார்கள். ரேஷன் அரிசி இழுக்காதவர்களை ஆயிரம் ரூபாய் இழுத்தது. இதில் தவறு காண எதுவுமில்லை. அரிசியில் தரம் உண்டு, பேருந்தில் வகை உண்டு. ரூபாய் நோட்டில் மோட்டா ரகம் இல்லை. தானாக ஒதுங்கும் சல்லடை ரொக்கத்தில் வேலை செய்யாது.

2023 செப்டம்பர் 15 அன்று காஞ்சிபுரத்தில் தொடங்கிய கலைஞர் மகளிர் உரிமைத் தொகையை இங்கே வைத்துப் பார்க்கலாம். தி.மு.க.வின் 2021 தேர்தல் வாக்குறுதியில் 'குடும்பத் தலைவிகளுக்கு' என்று இருந்தது, ஆட்சியில் 'தகுதி வாய்ந்த' குடும்பத் தலைவிகளுக்கு என்றானது. 1.63 கோடிப் பேர் விண்ணப்பித்தார்கள்; 1.06 கோடிப் பேர் முதலில் தேர்வானார்கள். மாதம் 1,000 ரூபாய் வீதம் இது ஆண்டுக்கு 12,700 கோடிக்கு மேல். 2.2 கோடி அட்டைகளுக்கும் கொடுத்தால் 26,400 கோடி. வித்தியாசம் சிறியதல்ல. சுவீடன் போன்ற ஒரு நாடு பணக்காரரின் குழந்தைக்கும் உதவித்தொகை கொடுத்துவிட்டு, வருமான வரியில் திரும்ப எடுத்துக்கொள்ளும். தமிழ்நாட்டுக்கு அந்த வழி இல்லை. வருமான வரி மத்திய அரசின் கையில் இருக்கிறது. மாநிலத்தின் வருவாயில் பெரும்பங்கு விற்பனை மீதான வரிகளிலிருந்தும், பெட்ரோல், மதுபானத்திலிருந்தும் வருகிறது. அவற்றை ஏழையும் கட்டுகிறார். ஆகவே வசதியானவருக்குக் கொடுக்கும் ஆயிரத்தில் ஒரு பங்கு கூலித்தொழிலாளியின் பையிலிருந்து வருகிறது. இந்த வாதத்துக்கு என்னிடம் எளிய பதில் இல்லை.

இலவசம் எதனோடு இணைக்கப்படுகிறது என்பதும் முக்கியம். 2016இலிருந்து ஒவ்வொரு வீட்டு மின் இணைப்புக்கும் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். எல்லோருக்குமான சலுகைபோலத் தோன்றும். ஆனால் அது போய்ச் சேர்வது மனிதருக்கு அல்ல, மீட்டருக்கு. மூன்று வீடு வைத்திருப்பவருக்கு மூன்று முறை கிடைக்கும். லைன் வீட்டில் ஐந்து குடும்பம் ஒரே மீட்டரில் இருந்து, வீட்டுக்காரர் சொல்லும் யூனிட் விலையைக் கொடுத்தால் அவர்களுக்கு ஒன்றுமில்லை. இப்படிப்பட்ட சலுகையை நான் ஆதரிக்கவில்லை.

ரொக்கத்தில் வடிகட்டல் தவிர்க்க முடியாது என்றால், அதன் திசையையாவது மாற்றலாம். ஏழை என்று நிரூபிக்கும் சுமையை ஏழையின் தலையில் வைக்காமல், வசதியானவர் என்று காட்டும் பொறுப்பை அரசு ஏற்க வேண்டும். அரசுச் சம்பளப் பட்டியல், வருமான வரி கட்டுவோர் விவரம், வாகனப் பதிவு எல்லாம் அரசுகளிடமே இருக்கின்றன. எல்லா அட்டைகளையும் உள்ளே வைத்துத் தொடங்கி, அந்தப் பதிவுகளில் தெளிவாகத் தெரிகிறவர்களை மட்டும் நீக்கலாம். சந்தேகம் இருந்தால் உள்ளேயே விடலாம். உரிமைத் தொகையின் விதிகள் பாதி தூரம் இப்படித்தான் அமைந்தன: வருமான வரி கட்டுபவர், அரசு ஊழியர், நான்கு சக்கர வாகனம் வைத்திருப்பவர் ஆகியோருக்கு இல்லை. ஆனால் அதோடு ஆண்டு வருமானம் இரண்டரை லட்சம், நஞ்சை ஐந்து ஏக்கர், புஞ்சை பத்து ஏக்கர், மின்சாரம் ஆண்டுக்கு 3,600 யூனிட் என்றும் வரம்புகள் வந்தன. டோக்கன் வாங்கி, முகாமுக்குப் போய், விண்ணப்பம் நிரப்பி நிற்க வேண்டியிருந்தது. 2025இல் சில விலக்குகளைத் தளர்த்தினார்கள் என்பதே, முதலில் கோடு இழுத்த இடம் சரியில்லை என்பதற்குச் சாட்சி.

மறுபடியும் அந்த லைன் வீட்டுக்கு வருகிறேன். ஐந்து குடும்பங்கள், ஐந்து மின்விசிறிகள், ஐந்து தொலைக்காட்சிகள், ஒரு மீட்டர். ஆண்டுக்கு 3,600 யூனிட்டை அது எளிதாகத் தாண்டும். அந்த மீட்டர் எண்ணை விண்ணப்பத்தில் எழுதிய பெண்ணுக்கு, நிராகரிப்புக் குறுஞ்செய்தியாக வந்தால், 30 நாட்களுக்குள் இ-சேவை மையம் வழியாக வருவாய்க் கோட்டாட்சியருக்கு மேல்முறையீடு செய்ய வேண்டும். மின்சாரம் தன்னுடையது மட்டுமல்ல என்று அவர் காட்ட வேண்டும். அதற்கு வீட்டுக்காரர் ஒரு வார்த்தை எழுதித் தர வேண்டும். யூனிட்டுக்குக் கூடுதல் விலை வாங்கும் வீட்டுக்காரர் எழுதித் தரமாட்டார். ஒருநாள் கூலியை விட்டு மையத்துக்குப் போய்வந்து, பதிலுக்குக் காத்திருக்கும் அந்த மாதத்திலும், அதே குடும்ப அட்டையை எடுத்துக்கொண்டு அவர் ரேஷன் கடைக்குப் போனால் இருபது கிலோ அரிசி பையில் விழும். மீட்டரைப் பற்றி அங்கே யாரும் கேட்பதில்லை.